பாற்பல்லுக்கும் ஓர் உறை

“பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்” என்று பிள்ளையின் சூத்தைப்பல்லைக் கவனியாமல் விடும் தாய்மார் எமது வீடுகளில் அநேகர். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவது உண்மைதான். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 8ம் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. ஐந்து வயதிலேயே ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அவ்விடத்துக்குச் சரிந்து, பின்னர் வரும் நிரந்தரப் பல்லின் வழியை அடைத்துவிடக் கூடும்.

பெரிய சூத்தையை வெறுமனே அடைத்தால் நிலைக்காது. எனவே பல் முழுவதையும் மூடி ஓர் உறை போடுகிறார்கள். நெடுங்காலமாக இருந்து வருவது உருக்கு உறை. வெள்ளிபோல் மின்னுவதால், பெண்பிள்ளைகள் குறிப்பாக, வாய்விட்டுச் சிரிக்கக் கூசுவார்கள். இப்போது பல்லின் நிறத்திலேயே உறைகள் வந்துள்ளன. சிறு கெமராவை வாயினுள் நகர்த்த, பல்லின் உருவம் கணினித் திரையில் விழுகிறது. பசை வைத்து அச்செடுக்கையில் பிள்ளை ஓங்காளிக்கும் தொல்லை இல்லை. அந்த அளவுக்கு இயந்திரம் ஒரு கட்டியிலிருந்து உறையைக் கடைந்தெடுக்கும். சிர்கோனியா உறையாயின் சுமார் 1500 பாகைச் சூளையில் சுட்டு இறுக்குவார்கள்.

“மிருக எலும்போ?” என்று சில தாய்மார் ஐயுறலாம். இல்லை. சிர்கோனியா, சிர்கோன் என்னும் கனிமத்திலிருந்து பெறப்படுவது. அக்கனிமம் எமது புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் உண்டு!

ஆனாலும் வெள்ளை உறைக்குப் பல்லைக் கூடுதலாகத் தேய்க்க வேண்டும், செலவும் அதிகம், இரத்தமோ எச்சிலோ பட்டால் சரியாக ஒட்டாது. பிள்ளை அசையாதிருக்க வேண்டும். உருக்கு உறையையோ, தகுந்த பற்களுக்கு, ஸ்கொட்லாந்துப் பல் வைத்தியர் நோர்னா ஹோல் கையாண்ட முறைப்படி ஊசியும் துளையிடலும் இன்றியே பொருத்தலாம். கண்ணில் படாத கடைவாய்ப் பல்லுக்கு உருக்கே போதுமென்பது என் எண்ணம். முன்பல்லுக்கு வெள்ளை உறை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா? அழகுக்காகப் பற்களை இடைவெளிப்படுத்துவதே கண்டிக்கப்பட்டது, இது சிகிச்சை. ஜாஹிலிய்யாக் காலப் போரொன்றில் மூக்கை இழந்த அர்பஜா (ரழி) அவர்கள் வெள்ளியில் மூக்கு வைத்து, அது நாற்றமெடுத்தபோது, தங்கத்தில் வைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் தேவைக்காக இந்த அனுமதி!

வுழூவுக்கும் தடையில்லை. ஷாபிஈ மத்ஹபில் வாய் கொப்பளிப்பது வுழூவிலும் குளிப்பிலும் ஸுன்னத்தே. நிரந்தரப் பல் முளைக்கும் வேளையில் உறை பாற்பல்லோடு சேர்ந்தே விழுந்துவிடும்.