கண்ணாடி மூடிப் பெட்டியில் கோஸ் நாற்று வளர்த்தல்

நீலகிரியில் உதகமண்டலத்தைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில், மார்கழி, தை மாதங்களிலும் சில வருஷங்களில் மாசியிலும், மேகமும் காற்றுமில்லாத இரவுகளில் உறைபனி படிவதுண்டு. குளிர்ந்த காற்று கனமானதாகையால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அங்குள்ள இளநாற்று ஓரிரவிலேயே கருகிப்போகலாம். ஆகையால், தைக் கடைசியில் விதைத்துப் பங்குனியில் முட்டைக்கோஸ் நட விரும்புவோர், மேட்டுப்பாங்கான இடத்தில், கண்ணாடி மூடியுடைய அடியில்லாப் பெட்டியொன்றை அமைத்துக்கொள்ளுதல் நலம்.

பெட்டியின் பின்புறம் 18 அங்குலமும் முன்புறம் 12 அங்குலமும் உயரமிருக்கட்டும். அம்மாதங்களில் சூரியன் தென்திசை சாய்ந்து செல்வதால், மூடி தெற்கு நோக்கிச் சரிதல் வேண்டும். கண்ணாடி வழியே நுழையும் வெயிலின் உஷ்ணத்தை மண் பகலில் ஏற்று இரவில் விடும். மாலை 4 மணி சுமாருக்கு, வெயில் இருக்கும்போதே மூடி, அந்தியில் சாக்குப் போர்த்தினால் அவ்வுஷ்ணம் எளிதில் வெளியேறாது.

இத்தனை செய்தும் நாற்றை இழப்பவர் உண்டு. காரணம் பனியன்று, பகலில் மூடியைத் திறவாமையே. வெளியே குளிர் இருப்பினும், மூடிய பெட்டிக்குள் வெப்பம் விரைவில் மிகுந்து நாற்று வாடும். தப்பியவை மெலிந்து நெட்டையாய் வளரும். ஈரம் தேங்கினாலோ தண்டின் அடி அழுகிச் சாயும். வெயில் ஏறியதும் மூடியை ஒரு கட்டையால் 3 அங்குலம் உயர்த்தி நிறுத்துதல் வேண்டும். விலை கொடுத்து விதை வாங்கியவர் இவ்வேலையைக் கூலியாளிடம் விட்டுவிடுதல் தகாது. நீரைக் காலையிலேயே தெளிக்க வேண்டும், மாலையில் கூடாது.

நடுவதற்குப் பத்து நாள் முன்பிருந்து, திறந்துவைக்கும் நேரத்தைத் தினந்தோறும் கூட்டி, கடைசி இரண்டு மூன்று இரவுகளில், பனியில்லையேல், மூடியை அறவே எடுத்துவிடலாம். நான்கைந்து இலை விட்ட, குட்டையும் தடிப்புமான நாற்றே வயலுக்குத் தகுந்தது.