சப்பிரகமுவையில் ஒருநாட் பயணங்கள்

ஆங்கில நாட்டிலே கோடை விடுமுறை வந்ததும் நகரமாந்தர் நாட்டுப்புறத்துச் சிற்றூர் ஒன்றில் வீடெடுத்துத் தங்குவர். நாள்தோறும் காலையிற் புறப்பட்டு, ஒரு பழங்கோட்டையையோ பாழடைந்த மடத்தையோ ஊர்க்கோயிலையோ கண்டு மாலையில் மீள்வர். நமக்கும் ஏற்ற வழக்கம் அது. நம் ஆசிரியரும் மாணவரும் கண்டிக்கும் நுவரெலியாவுக்குமே விரைகின்றனர். வழியிலே கிடக்கும் சப்பிரகமுவையை வண்டியின் பலகணியூடே பார்ப்பதோடு அமைகின்றனர். இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட அம்மாகாணத்திற் கற்போர்க்குரிய செல்வம் நிரம்ப உண்டு.

சென்ற ஆவணி விடுமுறையில் எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றில் என் பழைய மாணாக்கர் ஒருவர் இல்லத்திற் பத்து நாள் தங்கினேன். அவர் இப்பொழுது அத்தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். விடியற்காலைப் பேருந்திற் சென்று விளக்கேற்றும் வேளைக்குத் திரும்பத்தக்க இடங்களையே யாம் தெரிந்துகொண்டோம்.

முதற் பயணம் தெடிகமைக்கு. கொழும்பு–கண்டி வீதியில் நெலுந்தெனியாவிற் பிரிந்து சிறிது தொலைவு சென்றால் கொட்டவெகரை என்னும் தூபி தோன்றும். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தான் பிறந்த இடத்தில் எடுப்பித்தது அது. அம்மன்னனின் தந்தைவழிப் பாட்டன் ஒரு பாண்டிய இளவரசன் என்பதை நம் மாணவருட் பலர் அறியார். அத்தூபியை அகழ்ந்தபோது கிடைத்த யானை விளக்கு வியப்புக்குரியது. யானை உருவின் உள்ளே எண்ணெய் நிறைந்திருக்கும். அகலில் எண்ணெய் குறையக் குறைய அது தானே சொரியும். உரிய மட்டம் எய்தியதும் தானே நின்றுவிடும். காற்றமுக்கத்தின் இயல்பை அறிந்த கம்மியனின் கைத்திறன் இது. விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் நன்று.

இரண்டாவது, அவிசாவளை. இன்று அது மேல் மாகாணத்தைச் சேர்ந்ததாயினும் சப்பிரகமுவையின் வாயில் அதுவே. 1521ஆம் ஆண்டு மாயாதுன்னை தொடக்கிய சீதாவக்கை அரசின் தலைநகர் அங்கிருந்தது. அவன் மகன் முதலாம் இராசசிங்கன் சைவம் தழுவியவன் என்று வரலாற்று நூல்கள் கூறும். அவன் எடுப்பிக்கத் தொடங்கியது எனப்படும் பெரெண்டிக் கோயில் முற்றுப்பெறாத கருங்கற் பணியாய் நிற்கிறது. பைரவாண்டி கோயில் என்பதே பெரெண்டிக் கோயில் எனத் திரிந்தது என்பர். சிற்பிகள் உளியை வைத்துவிட்டுச் சென்ற நிலையிலேயே நிற்கும் அக்கல்லில் நுண்ணிய வேலைப்பாடுகளைக் காணலாம்.

மூன்றாவது, இரத்தினபுரி. நகர்ப்புறத்து மகா சமன் தேவாலயத்தைப் போர்த்துக்கீசர் கைக்கொண்டிருந்தனர். அவர்தம் போர்வீரன் ஒருவன் சிங்கள வீரனை வீழ்த்தும் காட்சியைச் செதுக்கிய கல் ஒன்று இன்றும் அங்கே உண்டு. வென்றவன் செருக்கோடு பொறித்த கல்லைத் தோற்றவர் வழியினர் தம் கோயிலிலேயே காத்து வருகின்றனர். வரலாற்றைப் போற்றும் முறை அதுவே. அயலிலுள்ள வயல்களில் மணிக்கல் அகழும் குழிகளைக் காணலாம். மண் சரியாதபடி மரச்சட்டம் இட்டு, ஊறும் நீரை இறைத்து, அடியிலுள்ள பரற்படையை எட்டுவர். கூடையில் இட்டு நீரில் அலசினால் நீலமும் வைடூரியமும் வெளிப்படும். அப்பரற்படையைச் சிங்களத்தில் 'இல்லம்' என்பர். தமிழ் மாணவர் அச்சொற் கேட்டு நகைத்தனர். மணிகளுக்கு அது வீடுதானே என்றேன் யான்.

இரத்தினபுரியிலிருந்து வானம் தெளிந்த காலையில் சிவனொளிபாத மலை தோன்றும். அதன் உயரம் 7,359 அடி. இரத்தினதீவத்துச் சமந்தம் என்னும் மலையுச்சியில் புத்தரின் அடியிணை உளது என்று மணிமேகலை கூறுவது இம்மலையையே எனக் கொள்வர். சைவர் சிவனடி என்பர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். 1344ஆம் ஆண்டு இபன் பத்தூத்தா இதன்மேல் ஏறினார். ஏறுதற்கு ஒருநாள் போதாது. கண்டு தொழுதற்கு ஒரு கணம் போதும்.

கித்துல்கலைக் காட்டிலுள்ள பெலிலேனைக் குகையும், குருவிட்டைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலேனைக் குகையும் இன்னும் பழையன. அரசரும் மொழிவேற்றுமையும் தோன்றுமுன் வாழ்ந்த மாந்தரின் எலும்புகளும் நுண்கற் கருவிகளும் அவற்றிற் கிடைத்தன.

இவற்றையெல்லாம் கண்டு திரும்பிய ஒரு மாலையில், பணிய லயத்து மூதாட்டி ஒருவர் என்னை வினவினார்: "வாத்தியாரையா, ஊரெல்லாம் சுத்திப் பாக்குறீங்க. எங்க தோட்டத்துல பாக்க ஒண்ணுமில்லையா?"

மறுநாட் காலை அவரோடு சென்றேன். இறப்பர் மரங்களினூடே ஒரு மேடு. அதுவே அத்தோட்டத்து மயானம். ஒரு நடுகல் இல்லை. ஓர் எழுத்து இல்லை. ஆயினும் அவர் மரத்துக்கு மரம் நின்று, இங்கே இன்னார், இவர் இன்ன ஊரிலிருந்து வந்தவர், இவர் பால்வெட்டச் சென்றவிடத்துப் பாம்பு தீண்டி இறந்தவர் எனக் கூறிச் சென்றார். தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் வேறு, தம்மவர் வழங்கும் தமிழ்ப்பெயர் வேறு என்றும் விளக்கினார். அம்மேட்டிற்கும் வேறாய்த் தமிழ்ப்பெயர் ஒன்று உண்டு. என் மாணாக்கரே அதனை அன்றுதான் கேட்டார்.

ஆங்கில நாட்டு ஊர்க்கோயில்களில் 1538ஆம் ஆண்டு முதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்து வரவேண்டும் என்பது அரசகட்டளை. அதனால் ஏர்பிடித்த ஏழையின் பெயரும் அங்கே எஞ்சியிருக்கிறது. காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் இறப்பரும் நாட்டிய நம்மவர் பெயரோ செக்ரோற் புத்தகத்தோடு ஒழிந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கப்பலேறியோர் தத்தம் தோட்டத்து நினைவுகளையும் உடன்கொண்டு சென்றனர். குடியுரிமைக் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெரிதும் நீங்கிற்று. போன நினைவுகள் மீளவில்லை.

கேகாலைப் பகுதியிலே உருளவள்ளி என்று தொழிலாளர் வழங்கிய தோட்டத்தில், தம்மை வெளியேறச் சொன்னபோது 1946ஆம் ஆண்டு அவர்கள் மறுத்து நின்றனர். ஏனைய தோட்டத்தாரும் அவர்க்காக வேலைநிறுத்தம் செய்தனர். அது பராக்கிரமபாகுவின் தூபிக்குக் குறைந்த வரலாறு அன்று.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவரைத் தெடிகமைக்கும் இரத்தினபுரிக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஒருநாளையேனும் அவர் பிறந்த தோட்டத்துக்கென ஒதுக்குங்கள். தோட்டத்தின் தமிழ்ப்பெயர், அப்பெயர் வந்த வகை, மலைகளின் பெயர்கள், முன்னோர் வந்த ஊர், மயானத்தில் உறங்குவோர் பெயர் ஆகிய இவ்வைந்தையும் மூத்தோரிடம் கேட்டு ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதச் செய்யுங்கள். ஒரு பாடசாலைக்கு ஒரு கொப்பி போதும். அம்மூதாட்டிக்கு எண்பத்து மூன்று வயது. அத்தோட்டப் பாடசாலையில் எழுத்து வேலை தொடங்கிவிட்டது. முப்பத்தொரு பெயர்கள் இதுவரை ஏறியுள்ளன.