மாறியது பத்து கோப்பு, தேடியது பத்து லட்சம்

இரவுக்குள் முடிய வேண்டிய இன்க்ரிமென்டல் பேக்கப் விடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தால், நேரத்தைத் தின்றது பெரும்பாலும் நகலெடுப்பு அல்ல, தேடல். பத்து லட்சம் கோப்புகள் உள்ள சர்வரில் பத்தே கோப்புகள் மாறியிருக்கலாம். எந்தப் பத்து என்று தெரிய, பத்து லட்சத்தையும் விசாரித்தாக வேண்டும். சுழலும் ஹார்டு டிஸ்கில் ஒவ்வொன்றுக்கும் 10 மில்லி விநாடி பிடித்தால் மொத்தம் 10,000 விநாடி. கிட்டத்தட்ட 2 மணி 47 நிமிடம். "மாறியதை மட்டும் எடுப்பதால் நொடியில் முடியும்" என்ற விளம்பரம் இந்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

விசாரணை என்றால் கோப்பைத் திறந்து படிப்பது அல்ல. 1996-இல் வந்த ஆர்சிங்க் என்ற நகலெடுப்பு நிரல் இயல்பாகப் பார்ப்பது இரண்டே விவரங்கள்: கோப்பின் அளவு, கடைசியாகத் திருத்திய நேரம். இரண்டும் பழைய நகலோடு ஒத்துப்போனால் கோப்பைத் தொடாமல் தாண்டிவிடும். ஆக, அறிக்கையில் "மாறாதவை" என்று வருபவை மாறியதற்கான அடையாளம் வெளியே தெரியாதவை மட்டுமே.

கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ரகசியக் கோப்புகளைப் பூட்டிவைக்கும் வேராகிரிப்ட் பெட்டகத்தின் அளவு பொதுவாக மாறுவதில்லை. திருத்திய நேரத்தையும் பழையபடியே வைப்பது அந்த மென்பொருளின் இயல்பான அமைப்பு. உள்ளே தினமும் புதிய ஆவணங்கள் சேர்ந்தாலும் வெளியில் எதுவும் தெரியாது. ஆர்சிங்க் ஒவ்வொரு இரவும் அதைத் தாண்டிப் போகும். பேக்கப் வெற்றி என்றே அறிக்கை வரும். டிஸ்க் பழுதாகி மீட்கும்போதுதான் முதன்முதலில் எடுத்த பழைய பெட்டகம் கைக்கு வரும். வேராகிரிப்டில் அந்த அமைப்பை நீக்கிவிடுவதே எளிய வழி. ஆர்சிங்கை உள்ளடக்கத்தையே ஒப்பிடச் சொல்லலாம். ஆனால் நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஒரு டெராபைட்டைப் படிக்கவே 10,000 விநாடி ஆகும்.

ரெஸ்டிக், போர்க் என்ற பேக்கப் மென்பொருள்கள் இரண்டும் ஐநோடு (கோப்பின் விவரங்களைத் தாங்கும் பதிவு) எண்ணையும், ஐநோடு கடைசியாக மாறிய நேரத்தையும் சேர்த்துப் பார்க்கின்றன. லினக்ஸில் சாதாரண நிரல்களால் இந்த நேரத்தை விரும்பியபடி மாற்றி எழுத முடியாது. அதனால் பெட்டகம் மாறியது பிடிபட்டுவிடும். இதற்கும் விலை உண்டு. அனுமதியை மட்டும் மாற்றினாலும் கோப்பு முழுவதும் மறுபடி படிக்கப்படும். ஐநோடு எண் நிலையாக இல்லாத நெட்வொர்க் டிரைவில் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளையும் படிக்க நேரிடும்.

தேடலே இல்லாத வழி இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில் இருக்கிறது. ஒவ்வொரு தரவுத் தொகுதியும் எப்போது எழுதப்பட்டது என்ற எண் அங்கே பதிவாகியிருப்பதால், தொகுதிகளின் மரத்தில் மாறாத கிளைகள் அப்படியே விடப்படும்.

விண்டோஸில்? என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையின் மாற்றப் பதிவேடு உதவும். அது நிரம்பிப் பழைய பதிவுகள் அழிந்தால் மீண்டும் முழுத் தேடல்தான்.

கோப்புப் பட்டியல் நினைவகத்தை நிரப்பிவிடுமா? 2008-இல் வந்த ஆர்சிங்க் 3.0, முழுப் பட்டியலுக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்கும். இரு முனையிலும் அந்தப் பதிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும்.

லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகள்? ரெஸ்டிக் அவற்றைப் பெரிய பொதிகளில் சேர்த்து அடுக்கும்.

பெயர் மாற்றினால்? ஆர்சிங்குக்கு அது புதிய கோப்பு. ரெஸ்டிக்கும் போர்க்கும் படித்துப் பார்க்கும், மறுபடி சேமிக்காது.