ஸ்பெர்மிடினும் முதுமையும்

நெடுநாள் வாழ விழைதல் மாந்தர்க்கு இயல்பு. அவ்விழைவை நம்பி இந்நாளில் மாத்திரை வடிவில் விற்கப்பெறும் பொருள்களுள் ஒன்று ஸ்பெர்மிடின். அதனை வாங்கி உண்ணலாமா என வினவும் மூத்தோர் நம்மிடையே உளர். விடை கூறுமுன் ஆய்வுகள் எம்மட்டும் சென்றுள்ளன என நோக்குதல் வேண்டும்.

முதற்கண் பெயர். 1678ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லீவன்ஹூக், உலர்ந்த விந்துநீரில் படிகங்கள் தோன்றுவதைத் தம் நுண்ணோக்கியாற் கண்டு எழுதினார். அப்படிகப் பொருள் பின்னர் ஸ்பெர்மின் எனப் பெயர் பெற்றது. அதன் நெருங்கிய உறவுப்பொருளே ஸ்பெர்மிடின். பெயர் அவ்வாறு அமைந்ததேயன்றி, இஃது உயிரணுக்கள் அனைத்திலும் உள்ளது. உடலும் இதனை ஆக்குகின்றது. கோதுமை முளைக்கரு, சோயா மொச்சை, காளான், பட்டாணி ஆகியவற்றிலிருந்தும் பெறுகிறோம். முதுமையில் உடலின் பல பகுதிகளில் இதன் அளவு குறைகின்றது.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஃபிராங்க் மடேயோ குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வே இதன்பால் உலகின் கவனத்தை ஈர்த்தது. ஸ்பெர்மிடின் பெற்ற ஈஸ்ட், பழ ஈ, புழு ஆகியவை நீண்டநாள் வாழ்ந்தன. உயிரணு தன்னுட் பழுதுற்ற பகுதிகளைத் தானே சிதைத்து மீண்டும் பயன்கொள்ளும் செயல் தூண்டப்பெறுவதே காரணம் என்றனர். ஆங்கிலத்தில் ஆட்டோஃபேஜி எனப்படும் இதனைத் 'தன்னுண்ணல்' எனலாம்; சொல் செவிக்குச் சற்றே கரடாயினும் பொருள் பிழையன்று. இச்செயலுக்குரிய மரபணுக்களை முடக்கியபோது ஆயுள் நீட்சியும் மறைந்தது. 2016இல் எலிகளிடத்தும் ஆயுள் நீண்டது; இதயமும் முதுமையின் தாக்கத்தினின்று காக்கப்பெற்றது.

எலியிற் கண்டது மனிதர்க்கும் பொருந்துமா? இத்தாலியின் புருனெக் நகரில் 829 பேரின் உணவுமுறையை 1995 முதல் 2015 வரை கண்காணித்தனர். ஸ்பெர்மிடின் மிகுதியாக உண்டோர்க்கும் குறைவாக உண்டோர்க்கும் இறப்பு வாய்ப்பில் இருந்த வேறுபாடு, வயதில் 5.7 ஆண்டு இளமைக்கு ஒப்பானது என 2018இல் அறிவித்தனர். ஆயினும் இவ்வுணவுகளை விரும்புவோர் பிற வகையாலும் நல்வாழ்வு பேணுவோராக இருத்தல் கூடும். கணக்கீட்டால் அதனை முற்றும் பிரித்தெடுத்தல் அரிது.

மாத்திரையை நேரே சோதித்தது பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனை. நினைவு குன்றுவதாக உணர்ந்த முதியோர் 100 பேருள் ஒரு பாதியினர்க்கு ஓராண்டுக்காலம் நாளொன்றுக்கு 0.9 மில்லிகிராம் ஸ்பெர்மிடினும், மறுபாதியினர்க்குப் போலி மாத்திரையும் அளித்தனர். 2022இல் வெளிவந்த முடிவின்படி நினைவாற்றலில் வேறுபாடு இல்லை. கொடுத்த அளவு நாம் அன்றாடம் உணவிற் பெறுவதினும் மிகச் சிறிது. ஆதலின் இதுகொண்டு ஸ்பெர்மிடின் பயனற்றது எனத் தீர்ப்பளித்தல் முறையன்று. எனினும் ஆயுளை நீட்டும் மாத்திரை என விற்பதற்கு மனிதரிடத்துச் சான்று இன்னும் இல்லை.

அச்சத்திற்குரிய கூறும் ஒன்றுண்டு. விரைந்து பெருகும் புற்றணுக்களும் ஸ்பெர்மிடின் இனப் பொருள்களை நாடுகின்றன. இவற்றின் உற்பத்தியைத் தடுக்கும் எஃப்லோர்னிதின் என்னும் மருந்து, குழந்தைகளின் நரம்புத்திசுப் புற்றுநோய் மீளாதிருக்க உதவுவதாக அமெரிக்காவில் 2023இல் ஏற்பு பெற்றது. எனவே பட்டாணியும் காளானும் உண்பார்க்கு நாம் தடை கூறோம். புற்றுநோய்க்கு மருத்துவம் பெறுவோர் மட்டும் தம் மருத்துவரைக் கேளாது இம்மாத்திரையைத் தொடலாகாது.