பிளேடு மாட்டத் தெரிந்தால் பாதி ஆபத்து குறையும்



தென்னந்தோப்புக் களை, வரப்புப் புல், வாய்க்கால் ஓரத்துச் செடி எல்லாவற்றுக்கும் இப்போது பிரஷ் கட்டர் வந்துவிட்டது. நம் குழுக்களில் சிலர் கடன் எடுத்து இந்த மெஷினை வாங்கி, சொந்த வேலை போக வாடகைக்கும் விடுகிறார்கள். ஓட்டுவதற்கு நம் பெண்கள் நன்றாகவே பழகிவிட்டார்கள். ஆனால் பிளேடு மாட்டுவது என்றால் மட்டும், "அதெல்லாம் நமக்கு வராது மேடம், கடைத் தம்பி வந்து மாட்டிக் கொடுத்துடும்" என்கிறார்கள்.

ஒரு குழுவில் அப்படித்தான் தம்பி வந்து அவசரமாக மாட்டிவிட்டுப் போனார். ஸ்டார்ட் செய்ததும் மெஷின் கை தாங்காமல் உதறியது. ஓட்டிய அக்கா சுதாரித்து உடனே நிறுத்திவிட்டார். கழற்றிப் பார்த்தால், பிளேடு அதன் இடத்தில் உட்காராமல் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது! மாட்டியவர் வீட்டுக்குப் போய்விட்டார். மெஷினைப் பிடித்து நின்றது அந்த அக்கா. அதனால்தான் சொல்கிறேன், ஓட்டுகிறவருக்குக் கட்டாயம் மாட்டத் தெரிய வேண்டும். ரொம்பக் கஷ்டமான வேலை இல்லை. மிக்ஸி ஜாரைக் கழற்றி மாட்டுகிற நமக்கு இது எம்மாத்திரம்?

தொடுவதற்கு முன்

இன்ஜினை நிறுத்தி ஆற விடுங்கள். பிறகு ஸ்பார்க் பிளக் மேல் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கி விடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பேட்டரியில் ஓடும் மெஷின் என்றால் பேட்டரியையே கழற்றி வைக்க வேண்டும். கெட்டியான கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பிளேடைப் பாருங்கள்

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். விரிசல், வளைவு, உடைந்த பல் இருந்தால் அது குப்பைக்குத்தான். "வெல்டிங் வச்சா ஓடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிளேடு ஒரு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றுகிறது. ஒட்டு விட்டால் துண்டு தெறித்து வரும். பிளேடில் ஒரு வேக எண் அச்சடித்திருக்கும். அது மெஷினில் போட்டிருக்கும் வேக எண்ணைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. தச்சுக் கடை மர ரம்பத்தை ஒருபோதும் இதில் மாட்டாதீர்கள்.

மாட்டும் முறை

1. மெஷினைத் தரையில் படுக்க வைத்து, பிளேடு மாட்டும் தலைப் பகுதி மேலே பார்க்கும்படி திருப்புங்கள். கல், மணல், பழைய புல்லைத் துடைத்து எடுங்கள்.

2. தலைப் பகுதியில் ஒரு சிறு துளை இருக்கும். உள் தட்டைச் சுற்றி அந்தத் துளைக்கு நேராகக் கொண்டுவந்து, மெஷினோடு கொடுத்த கம்பியைச் செருகுங்கள். இப்போது தண்டு சுற்றாது.

3. உள் தட்டின் நடுவில் வட்டமான மேடு ஒன்று இருக்கும். பிளேடின் நடு ஓட்டை அந்த மேட்டில் கச்சிதமாக உட்கார வேண்டும். பல மெஷின்களில் இது 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். மேலே சொன்ன குழுவில் தவறியது இந்த இடத்தில்தான். விரலால் அசைத்துப் பாருங்கள், பக்கவாட்டில் நகரக் கூடாது. பிளேடில் உள்ள அம்புக்குறி, மெஷின் சுற்றும் திசையைக் காட்ட வேண்டும்.

4. அதன் மேல் வெளித் தட்டு, கிண்ணம், கடைசியில் நட்டு. எது மேலே எது கீழே என்று குழப்பம் வராமல் இருக்க, கழற்றும்போதே ஒரு துணி விரித்து வரிசையாக வைத்துவிடுங்கள்.

5. நட்டைக் கையால் ஏற்றி, பிறகு ஸ்பேனரால் நன்றாக இறுக்குங்கள். பெரும்பாலான பிரஷ் கட்டரில் இது இடது மரை. அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும், முள் சுற்றும் பக்கம் திருப்பினால் கழலும். பிளேடு வெட்ட வெட்ட நட்டு கழலாமல் இருக்கத்தான் இப்படிச் செய்திருக்கிறார்கள்.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை கழற்றுகிறேன் என்று முழு பலத்தோடு வழக்கமான பக்கம் திருப்பி, இன்னும் இறுக்கிவிட்டேன். "மேடம், டிகிரி படிச்சா போதாது போல" என்று ஒரு பாட்டி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்!

6. செருகிய கம்பியை மறக்காமல் எடுங்கள். கையுறையோடு பிளேடை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், தள்ளாடக் கூடாது. பிளேடை மறைக்கும் தடுப்பை மாட்டிய பிறகுதான் பிளக் மூடியைப் போட வேண்டும். நட்டு கையாலேயே முழுக்க ஏறுகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் புது நட்டு வாங்குங்கள்.

ஓட்டும்போது

ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை விட்டால் பிளேடு சுற்றக் கூடாது. சுற்றினால் மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே வேலை. உதறினால் உடனே நிறுத்துங்கள்.

புடவை முந்தானையும் துப்பட்டாவும் பறக்கக் கூடாது. முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, காலை மூடிய ஷூ, கண்ணாடி வேண்டும். கூந்தலைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். சுற்றி 50 அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது, முக்கியமாகக் குழந்தைகள். பிளேடின் வலது முன்பக்கம் கல்லிலோ தடித்த வேரிலோ பட்டால் மெஷின் எகிறித் தள்ளும். அதனால் இடது பக்கத்தால், வலமிருந்து இடமாக வீசி வெட்டுங்கள்.

சகோதரிகளே, மெஷின் வைத்திருக்கும் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஓட்டும் ஒவ்வொருவரும் ஒரு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள். வாடகைப் பணத்தில் கண்ணாடியும் கையுறையும் வாங்கத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். வாடகைக்கு எடுத்துப் போகிறவருக்கும் பிளேடைச் சரிபார்த்தே கொடுங்கள். கடனை நாம் கட்டுகிறோம், மெஷின் நம்முடையது. அதைப் பிடிக்கிற கையும் காலும் அதைவிடப் பெரியது, இல்லையா?