கடலோரக் கணினி – 11: சிரிப்பு எப்படி ‘ஜே’ ஆனது?

இந்த வாரம் கலண்டர் என்று சொல்லியிருந்தேன். கலண்டர் வராது. குறுக்கே வேறொன்று வந்து விழுந்துவிட்டது. அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது, சொன்னால் கலண்டருக்கு இடம் இராது.

தொடரைப் படித்து வருபவர்களுக்கு முன்கதை தேவையில்லை. மற்றவர்களுக்கு: பாலாவிப் பக்கம் ஒரு சின்ன அலுவலகம், எல்லா மேசையிலும் விண்டோஸ், அவுட்லுக், ஒரு மேசையில் மட்டும் லினக்ஸ், எவலூஷன். அந்த ஒரு மேசை என்னுடையது. லினக்ஸில் மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டா எவலூஷனா என்ற வழக்குப் போன வாரமே முடிந்துவிட்டது, மேன்முறையீடு கிடையாது.

விசயத்துக்கு வருகிறேன். கற்பிட்டியில் இருக்கும் எங்கள் கள அலுவலர் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தார். காலாண்டு அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அடுத்த தவணைப் பணத்தை மறந்துவிடுங்கள் என்று ஒரே வரி. வரியின் முடிவில் தனியாக ஓர் ஆங்கில ‘ஜே’. கோப்பில் போடுவதற்கு நான் அச்செடுத்துக் கொடுத்ததைக் கணக்குப் பார்க்கும் தங்கச்சி இரண்டு தரம் படித்துவிட்டுக் கேட்டா: “சேர், இது என்ன கடைசியில ஒரு ஜே? ஜேயில தொடங்குற ஆருக்கும் கொப்பி போயிருக்கா?”

ஒருவருக்கும் போகவில்லை. அவர் போட்டது ஒரு சிரிப்பு. அவருடைய கணினியில் அது வட்டமாக, மஞ்சள் இல்லாத ஒரு சிரித்த முகம். என்னுடையதில் ‘ஜே’. பகிடியாக எழுதிய வரி, சிரிப்பு கழன்றதும் பயமுறுத்தல் கடிதமாகிவிட்டது. தங்கச்சி அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பாமல் அறிக்கையை முடித்துவிட்டா என்பது வேறு கதை.

நடந்தது இதுதான். முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் ரைப் செய்தவுடன் பழைய அவுட்லுக் தானாகவே அதை அழகுபடுத்தும். எப்படி? அந்த இடத்தில் ஆங்கில ‘ஜே’யை வைத்து, அதற்கு ‘விங்டிங்ஸ்’ என்ற எழுத்துருவை மாட்டிவிடும். விங்டிங்ஸில் ‘ஜே’ இருக்க வேண்டிய இடத்தில் சிரித்த முகம் வரைந்திருக்கிறது. அடுத்துள்ள ‘கே’யில் சிரிக்கவும் இல்லாத அழவும் இல்லாத முகம், ‘எல்’லில் வாய் கோணிய முகம். பார்ப்பவர் கணினியில் விங்டிங்ஸ் இருந்தால் முகம். இல்லையென்றால் (லினக்ஸில் அது இராது) உள்ளே கிடக்கும் ‘ஜே’ உடுப்பில்லாமல் வெளியே வந்து நிற்கும். அண்மைய பதிப்புகள் எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிச் சிரிப்பையே இடுகின்றன. ஆனால் இந்தக் கரையில் எத்தனை அலுவலகங்களில் அண்மைய பதிப்பு இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

விங்டிங்ஸைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சார்ள்ஸ் பிக்லோ, கிறிஸ் ஹோம்ஸ் என்ற இரண்டு பேர் லுசிடா எழுத்துருக் குடும்பத்துக்குத் துணையாக அம்புக்குறி, நட்சத்திரம், சின்னம் என்று வரைந்து வைத்திருந்தவற்றை 1990-இல் மைக்ரோசொப்ட் வாங்கி, ஒன்றாகக் கலந்து, 1992-இல் விண்டோஸ் 3.1 உடன் விட்டது. கடிதத் தாளில் ஒரு கத்தரிக்கோல், ஒரு தொலைபேசிப் படம் அச்சிட வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் அது சுலபமான வழி. தாளில் அச்சிடும் வரை எந்தத் தொல்லையும் இல்லை. தாளுக்கு எழுத்துரு தேவையில்லை, மை போதும். அதே வித்தையை மின்னஞ்சலில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பியதில்தான் வம்பு.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை: அழகுபடுத்தாமல் விட்டிருந்தால் சிரிப்பு பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். 1982 செப்டெம்பர் 19-ஆம் திகதி கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்கொட் பால்மன் என்ற பேராசிரியர், பகிடியை அடையாளம் காட்ட முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம் என்று எழுதிப் போட்டார். அந்த மூன்று குறியும் நாற்பது வருடமாக எல்லா வகைக் கணினியிலும் அப்படியே போய் வருகின்றன.

தங்கச்சிக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் இந்த வாரத்தை விழுங்கிய எண்ணம் வந்தது. ‘ஜே’க்கு வேறு உடுப்பு போட்டால் என்ன வரும்? எங்களிடம் இன்னொரு விங்டிங்ஸ் இருக்கிறதே. பாமினி!

இலங்கையில் தமிழ் ரைப் செய்த எவருக்கும் பாமினியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பத்திரிகை, கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பாடசாலை வினாத்தாள் எல்லாம் பாமினியில் வந்த காலம் இன்னும் முழுதாக முடியவில்லை. செய்வதும் விங்டிங்ஸ் செய்த அதே வேலைதான்: உள்ளே ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகம். ‘வணக்கம்’ என்று திரையில் தெரிவது உள்ளே டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி. அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் குற்று. பாமினி இல்லாத கணினிக்கு அந்தக் கோப்பு போனால் இந்தக் குப்பைதான் தெரியும். லினக்ஸ் மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அரைப்புள்ளி மழை புதிதல்ல.

பாமினியில் சிறிய ‘ஜே’ என்றால் ‘த’. பெரிய ‘ஜே’ என்றால் ‘து’. சிறிய ‘கே’ ‘ம’, பெரியது ‘மு’. சிறிய ‘எல்’ ‘ட’, பெரியது ‘டு’. ஆக, அவுட்லுக் அனுப்பிய சிரிப்பு பாமினியில் ‘து’. நடுநிலை முகம் ‘மு’. கோணல் முகம் ‘டு’. கள அலுவலரின் கடிதத்தை எடுத்து அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் பாமினியை மாட்டிப் பார்த்தேன். வரியின் முடிவில் கொழுகொழுவென்று ஒரு ‘து’. தங்கச்சி சிரித்த சிரிப்புக்கு எந்த எழுத்துருவிலும் இடமில்லை.

உள்ளே ஒரே எழுத்து, விங்டிங்ஸில் சிரிப்பு, பாமினியில் து, ஒன்றுமில்லாவிட்டால் ஜே. கலப்பு அலுவலகத்தில் லினக்ஸ்காரனுக்கு வரும் மின்னஞ்சல் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ஒன்றின் பிள்ளைகள்தான். அனுப்புபவர் தன் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஏற்பாட்டை உலகத்துக்கே செல்லுபடியாகும் என்று நினைத்து அனுப்புகிறார். “உங்கட லினக்ஸ்ல தமிழ் தெரியாது” என்று என்னிடம் சொல்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: லினக்ஸுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். நீங்கள் அனுப்பியது தமிழ் அல்ல. ஒருங்குறியின் முதல் பதிப்பு வெளிவந்த 1991-இலேயே தமிழுக்கு அதில் இடம் ஒதுக்கியாகிவிட்டது. அதில் எழுதினால் கற்பிட்டியில் ‘து’ என்று போட்டது இங்கேயும் ‘து’தான், போனிலும் ‘து’தான்.

பாமினிக்குப் பழகிய கையை மாற்ற முடியாது என்பார்கள். மாற்றவே தேவையில்லை. இலங்கைத் தரக் கட்டளை நிறுவகத்தின் தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 தரம் 2008-இல் வந்தது. அது ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகை பாமினி விரல்களுக்கு அந்நியமல்ல. லினக்ஸில் அது உள்ளீட்டு முறைகளின் பட்டியலில் பெயர் சொல்லியே கிடைக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஒருங்குறியில் வேகமாக ரைப் செய்யும் ஆள் அந்தத் தங்கச்சிதான், பழைய பாமினிக்காரி.

மேலே சொன்ன மின்னஞ்சல் தொல்லையின் இன்னொரு பிள்ளை ‘வின்மெயில் டொட் டாட்’. இது இணைப்பாக வந்து நிற்கும், திறந்தால் ஒன்றும் தெரியாது. 1992-இல் நதானியல் பொரன்ஸ்டைனும் நெட் பிரீட்டும் எழுதிவைத்த ‘மைம்’ முறைதான் இன்றும் மின்னஞ்சலில் படமும் கோப்பும் இணைத்து அனுப்பும் பொதுவழி. அவுட்லுக்கில் ‘ரிச் டெக்ஸ்ட்’ வடிவத்தைத் தெரிந்தெடுத்தால் அது இந்தப் பொதுவழியை விட்டுவிட்டு, எழுத்தலங்காரத்தையும் இணைப்புகளையும் டினெஃப் என்ற தன் சொந்த உறைக்குள் மடித்து அந்தப் பெயரில் அனுப்பும். உள்ளே உங்கள் எக்செல் பத்திரமாகத்தான் இருக்கிறது. எவலூஷனில் இதைப் பிரிக்க ஒரு செருகி உண்டு; தண்டர்பேர்டுக்கு நீட்சி தேட வேண்டும்; கட்டளை வரிக்குப் பயமில்லாதவர்களுக்கு ‘டினெஃப்’ என்றே ஒரு சிறு நிரல் லினக்ஸில் கிடைக்கிறது. ஆனால் சரியான மருந்து அனுப்புபவர் பக்கத்தில்தான்: வடிவத்தை எச்டிஎம்எல் அல்லது வெறும் எழுத்து என்று மாற்றச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. சொல்வதற்கு ஆளைப் பிடிப்பதுதான் பாடு.

மின்னஞ்சல் ஏன் இவ்வளவையும் தாங்குகிறது என்று யோசித்தால் அதன் பிறவிக்குணம் அப்படி. 1990களின் தொடக்கத்தில் நம் பல்கலைக்கழகங்களை இணைத்த லேர்ன்மெயில், தொலைபேசி இணைப்புக் கிடைக்கும்வரை கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்து, கிடைத்ததும் மொத்தமாகத் தள்ளிவிடும் முறையில்தான் ஓடியது. அப்போது அவுட்லுக் என்ற பெயரே பிறக்கவில்லை, அது 1997. எவலூஷனின் வெளிப்பெட்டி இன்றும் அதே புத்தியோடு இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதாகச் சொல்லி நாடு முழுக்க இருண்டது நினைவிருக்கும். எங்கள் மூக்குக்கு முன்னால் நிற்கும் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. நிலக்கரி இயந்திரம் நினைத்தவுடன் எழும்பாது. சில நாட்கள் ஊரெல்லாம் மின்வெட்டு. 900 மெகாவாட் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மெழுகுதிரி வாங்கக் கடைக்குப் போனோம். அந்த நாட்களில் மடிக்கணினியின் மின்கலம் தாங்கிய மட்டும் கடிதங்களை எழுதி வெளிப்பெட்டியில் அடுக்கிவைத்தேன். ரௌட்டர் உயிர்பெற்றதும் எல்லாம் வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. இதை அவுட்லுக்கும் செய்யும். நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு அலுவலகத்தில் ஒரு மேசை என்பதால் இவ்வளவு கதை. எல்லா மேசையிலும் அஞ்சல் மாறிய இடமும் உண்டு. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2025 ஒக்டோபரில் எக்ஸ்சேஞ்ச், அவுட்லுக் இரண்டையும் கைவிட்டு ஓபன்-எக்ஸ்சேஞ்ச், தண்டர்பேர்ட் என்று மாறி முடித்தது. 40,000-க்கு மேற்பட்ட அஞ்சற்பெட்டிகள். கடிதங்களும் கலண்டர் பதிவுகளுமாக 100 மில்லியனுக்கு மேல். அங்கே இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன்பே அஞ்சலை மாற்றினார்கள். நம்மவர்கள் தலைகீழாகத் தொடங்குவார்கள்: முதலில் லினக்ஸைப் போடுவது, பிறகு கூட்ட அழைப்பு வரவில்லை என்று திட்டுவது.

கூட்ட அழைப்பு என்றதும் கலண்டர். அதைப் பாதி எழுதி வைத்திருக்கிறேன். ஒரு துண்டு மட்டும்: நம் நேரத்தை விண்டோஸ் தன் பட்டியலில் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்ற ஊர்ப் பெயரில் வைத்திருக்கிறது, லினக்ஸ் ‘ஆசியா, கொழும்பு’ என்கிறது. இரண்டும் ஒன்று என்று இரண்டு கணினிக்கும் தெரிந்திருந்தால் பத்து மணிக் கூட்டம் பத்து மணிக்கே நடக்கும். தெரியாவிட்டால்? நேரம் குழம்பினால் என்ன ஆகும் என்பது நமக்குப் புதிதல்ல: 1996-இல் இந்த நாடு ஒரே வருடத்தில் இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றியது, 2006 ஏப்ரலில் மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. இடையில் வன்னிக்குள் ஒரு நேரம், வெளியே ஒரு நேரம். மதவாச்சிப் பக்கமிருந்து உள்ளே போய் வந்த லொறிக்காரர்களிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அதோடு தொடங்குவோம். அதற்குள் யாரும் எனக்குச் சிரிப்புப் படம் போட்டு மின்னஞ்சல் அனுப்பாதிருந்தால்.