கணினியில் செயலிகளை நிர்வகித்தல்: கட்டளைக்குப் பதில் கட்டங்கள்

திருவொற்றியூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் பண்டகசாலைப் பொறுப்பாளருக்கு எப்பொழுதும் தனி மதிப்பு உண்டு. 1950-களில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் உற்பத்தி தொடங்கிய ஊர் அது. ஒரு பாகத்தின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அதனுடன் சேரவேண்டிய போல்ட்டு, நட்டு, வாஷர்களையும் எடுத்துத் தருபவரே தேர்ந்த பொறுப்பாளர். கணினியில் செயலிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஏறக்குறைய இதே காரியந்தான்.

சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயக்க முறைமை 2007-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாக நமது கிராமத்து வீடுகளுக்கும் அது சென்றது. டெபியன் என்னும் அமைப்பின் வழிவந்த இதில், செயலிகள் யாவும் இணையத்திலுள்ள ஒரு களஞ்சியத்திலிருந்து வருகின்றன. முன்பெல்லாம் 'ஆப்ட் இன்ஸ்டால்' என்ற ஆங்கிலக் கட்டளையையும் செயலியின் பெயரையும் கருந்திரையில் தட்டச்சு செய்தாக வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் காரியம் நடவாது. தமிழ் மட்டுமே அறிந்த பஞ்சாயத்து அங்கத்தினருக்கு இது எத்தகைய தடை என்று சொல்லத் தேவையில்லை.

இத்தடையைப் பெரிதும் குறைப்பது 'சினாப்டிக்' என்னும் சாளரம். தேடும் கட்டத்தில் வேண்டியதை எழுதினால் பெயர்ப் பட்டியல் தோன்றும். பச்சைக் கட்டம் இருந்தால் அச்செயலி ஏற்கெனவே கணினியில் உள்ளது; வெள்ளையாயின் இல்லை. வேண்டிய கட்டத்தைக் குறியிட்டு, 'அப்ளை' பொத்தானை அழுத்தினால் போதும். துணைப் பாகங்களும் தாமே வந்து சேரும்.

சுலபமாயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவது கூடாது. சாளரத்தின் பின்னே வேலை செய்வது பழைய கட்டளையின் இயந்திரமேயாகும். ஒன்றை நீக்கக் குறியிட்டால், அதைச் சார்ந்த மற்றவையும் நீங்கவேண்டுமென ஒரு பட்டியல் காட்டப்படும். அதில் தீர்மானங்களும் வரிக் கணக்கும் எழுதும் 'லிப்ரே ஆபீஸ்' இருக்கக் கண்டால், உடனே 'கேன்சல்' பொத்தானை அழுத்துங்கள். மீறி அழுத்தினாலும் எழுதிவைத்த கோப்புகள் அழியமாட்டா. ஆனால் செயலியை மீண்டும் நிறுவும்வரை கிராம சபைக் கூட்டத்தன்று அவற்றைத் திறக்க வழியிராது. படிக்கச் சோம்பும் அந்த ஒரு பட்டியலில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது என்பது நமது கருத்து.

நிர்வாகக் கடவுச்சொல் பொறுப்பான ஓரிருவரிடம் மட்டும் இருக்கட்டும். களஞ்சியத்துச் செயலிகள் முத்திரை சரிபார்க்கப்பட்டே நிறுவப்படுகின்றன. அறியாத இணையதளத்தில் கிடைக்கும் கோப்புக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

கட்டளை முறையும் வீணன்று. சாளரமே திறக்க மறுக்கும் வேளையில் அதுதான் கைகொடுக்கும். ஆதலால் அலுவலகத்தில் ஒருவராவது அதைக் கற்றிருப்பது நலம்.

சினாப்டிக்கின் 'ஹிஸ்டரி' பகுதியில், அதன் வழியாக எந்தத் தேதியில் எது சேர்ந்தது, எது நீங்கியது என்ற விவரம் பஞ்சாயத்தின் தீர்மானப் புத்தகம்போல் பதிவாகியிருக்கும். கணினி திடீரென மக்கர் செய்தால் முதலில் அதைத் திறந்து பார்க்கலாம்.